சுவரை இடிக்க ஆமை கொடுத்த மனு

ஒரு காட்டில் ஒரு சுவர் இருந்தது. காடு என்றதும் பாறையையும் அருவியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கடலோரத்துச் சவுக்குக் காடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்போடை, நடுவில் சவுக்கு மரங்களும் ஓர் அரசு அலுவலகமும். இந்தக் காட்டுக்கும் ஒரு சிங்க ராஜா உண்டு. ஆனால் கதைக்குள் அவர் வரமாட்டார். எப்போதும் மீட்டிங்கில் இருப்பார். அவருடைய கையெழுத்து மட்டும் அவ்வப்போது வந்துபோகும்.

கடல் கரையை அரிக்கிறது என்று சொல்லித்தான் அந்தச் சுவரைக் கட்டினார்கள். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு கருங்கற்கள். அதற்கு முன்பு அங்கே நாற்பது காலடி அகலத்துக்கு மணல் கிடந்தது. சுவர் வந்தபின் அலை வந்து அதில் முட்டியது. முட்டித் திரும்பும்போது சுவரின் காலடி மணலையும் அள்ளிக்கொண்டு போனது. இரண்டே வருஷத்தில் கடல் பக்கம் ஒரு பிடி மணல் இல்லை. உடனே துறை ஒரு பலகை வைத்தது: ‘இங்கு கடல் அரிப்பு முற்றிலும் தடுக்கப்பட்டது.’ அது பொய் என்று சொல்லிவிட முடியாது. அரிக்க ஒன்றுமே மிச்சமில்லாத இடத்தில் அரிப்பு ஏது? பழைய கடற்கரையில் மிச்சமிருந்த கொஞ்சம் மணல் சுவருக்குப் பின்னால், காட்டுப் பக்கம் சிக்கிக் கிடந்தது.

அந்த மணலில்தான் தங்கபுஷ்பம் பிறந்தாள். தங்கபுஷ்பம் ஒரு கடலாமை. எத்தனை கடல் சுற்றினாலும் முட்டையிட பிறந்த மணலுக்கே வந்தாக வேண்டும். ஆமைகளின் குணம் அப்படி. நல்லவேளையாகச் சுவரின் நடுவில் மூன்று கற்கள் இல்லாமல் ஒரு ஓட்டை இருந்தது. ஐப்பசிப் புயலில் கடல் உருட்டிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். தங்கபுஷ்பம் தலையை உள்ளே இழுத்து, மூச்சை அடக்கி, அந்த ஓட்டை வழியாக உரசிக்கொண்டு போய் முட்டையிட்டு வருவாள். அவளுடைய குஞ்சுகளும் அதே ஓட்டை வழியாகக் கடலுக்கு வந்துவிடும்.

ஆனால் அவளுடைய கூட்டாளி ராசகனி கொஞ்சம் பருத்தவள். ஓட்டையில் நுழைய முடியவில்லை. போன மாசியில் கல்மேல் ஏறிப் பார்த்தாள், வழுக்கி விழுந்தாள், மறுபடி ஏறினாள். கடைசியில் வலி தாங்காமல் கல்லின் மேலேயே முட்டைகளை இட்டுவிட்டாள். விடிந்ததும் காக்கைகள் வந்தன. ராசகனி தண்ணீரில் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதன்பின் அவள் யாரிடமும் பேசவில்லை. தங்கபுஷ்பத்துக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. சுவரை எடுக்கச் சொல்லி மனு கொடுப்பது என்று முடிவு செய்தாள்.

சுவரடியில் வளை தோண்டிக் குடியிருந்த நண்டு சூசை இதைக் கேட்டதும் கொடுக்கால் தலையில் அடித்துக்கொண்டான்.

“எக்கா, உனக்குத்தான் ஓட்டை இருக்குல்லா? சத்தங்காட்டாம போயிட்டு வா. மனு கினுன்னு அவனுவள எழுப்பி விடாத.”

“எனக்கு இருக்குடா. ராசகனிக்கு எங்க இருக்கு?”

“நல்லது செய்யப் போறேன்னு சொல்லுத. சரி, போ. முட்டைய மட்டும் பத்திரமாப் பாத்துக்க.”

தங்கபுஷ்பம் கடலைச் சுற்றி, கழிமுகம் வழியாக உப்போடைக்குள் நீந்தி, அலுவலகத்தின் பின்படிக்கு வந்து சேர்ந்தாள். ‘கானகக் கடலோரப் பாதுகாப்புத் துறை’ என்று பெயர்ப்பலகை. உள்ளே வரிசை. டோக்கன் இருபத்திரண்டு கொடுத்தார்கள். அவள் நாற்காலிகளைத் தாண்டி கவுண்டருக்குப் போய்ச் சேருவதற்குள் முப்பத்தெட்டைக் கூப்பிட்டுவிட்டார்கள். மறுபடி டோக்கன் வாங்கினாள். இந்தமுறை கவுண்டருக்கு அடியிலேயே படுத்துக்கொண்டாள்.

கவுண்டரில் ஒரு ஓணான். எதைக் கேட்டாலும் தலையாட்டும் என்பதால், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போனவர்கள் அந்தக் காட்டில் அநேகம் பேர். ஓணான் படிவத்தை நீட்டியது. ‘நிலத்தில் வசிப்பவரா, நீரில் வசிப்பவரா? ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.’ தங்கபுஷ்பம் யோசித்து யோசித்து இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டாள். நிரந்தர முகவரி என்ற இடத்தில் ‘கடல்’ என்று எழுதினாள்.

“கதவு எண்?” என்றது ஓணான்.

“கதவு இல்லைங்க.”

“சரி, பெருவிரலை இந்த மெஷின்ல வைங்க.”

“எனக்கு விரலே கிடையாதே, துடுப்புதான இருக்கு.”

“அப்ப விரல் இல்லன்னு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. மூணாவது கவுண்டர்.”

மூன்றாவது கவுண்டரில் சான்றிதழ் தருவதற்குப் பெருவிரல் ரேகை கேட்டார்கள். கடைசியில் சூசையை வரவழைத்து, அவனுடைய கொடுக்கை மெஷினில் வைத்தாள். மெஷின் பச்சை விளக்குக் காட்டி ‘நன்றி’ என்றது.

மனு அதிகாரி மேசைக்குப் போனது. அதிகாரி ஞானசிகாமணி ஒரு நரி. கதைகளில் வரும் நரி மாதிரி தந்திரக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தந்திரம் செய்யவெல்லாம் அவருக்கு நேரமில்லை. விதிப்படி நடப்பார், அதுவே எல்லாத் தந்திரத்தையும் பார்த்துக்கொள்ளும். அவருடைய அறைச் சுவரில் ‘நாங்கள் பாதுகாத்தவை’ என்ற தலைப்பில் சில படங்கள் மாட்டியிருந்தன. ஒன்று அலையாத்திக் காடு. இப்போது அங்கே துறையின் ஜீப் ஷெட் இருக்கிறது. இன்னொன்று தாமரைக் குளம்; இப்போது மீட்டிங் ஹால். மூன்றாவது, காட்டில் இருந்த கடைசிப் பிணந்தின்னிக் கழுகு. அந்தப் படத்துக்கு மட்டும் மாலை போட்டிருந்தார்கள். தங்கபுஷ்பம் படங்களைப் பார்த்து, எவ்வளவு அக்கறையான துறை என்று நினைத்துக்கொண்டாள்.

“சுவரை இடிக்கணும், அவ்வளவுதானம்மா? இடிச்சிருவோம்” என்றார் ஞானசிகாமணி.

தங்கபுஷ்பத்துக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

“ராஜா கிட்டயிருந்து புதுத் திட்டம் வந்திருக்கு. கடற்கரை வாழிட மீட்புன்னு பேரு. மீட்கறதுக்கு ஒரு கடற்கரை தேடிட்டிருந்தோம். நீயே வந்துட்ட. இந்த மாசியிலயே முட்டை போட்டுரலாம்.”

ஆமைகளுக்கு எந்நேரமும் கண்ணில் நீர் வடியும். அது உப்பு. அன்று வடிந்தது அந்தக் கணக்கில் சேராது.

சுவரை எடுக்கும் வரைபடம் போட உள்ளான் வளர்மதியை அனுப்பினார்கள். உள்ளான் என்பது அலை விளிம்பிலேயே நாள் முழுக்க ஓடித் திரியும் சின்னப் பறவை. வளர்மதிக்கு மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது காலாலேயே தெரியும். நான்கு நாள் சுவரின் நீளத்துக்கு ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு தாளில் வரைந்து கொண்டுவந்தாள்.

“இங்க மணல் தெக்கயிருந்து வடக்க போகுது சார். அதனால தெக்கு முனையில ஆரம்பிச்சு, பத்துப் பத்துக் கல்லா எடுக்கணும். ஒரு துண்டு எடுத்ததும் கொஞ்ச நாள் விட்டா அங்கன மணல் வந்து சரிவாப் படிஞ்சுக்கிடும். அப்புறம் அடுத்த துண்டு. மேல அடப்பங்கொடிய நட்டா மணல அது பிடிச்சுக்கிடும். மிச்சத்தக் கடல் பாத்துக்கிடும்.”

ஞானசிகாமணி தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

“கடல் பாத்துக்கிடுமா? கடல் எந்தத் துறைக்குக் கீழ வருது?”

“எந்தத் துறைக்கும் கீழ இல்ல சார்.”

“அப்ப அது கிட்ட எப்படி வேலைய ஒப்படைக்கிறது? நாளைக்கு அது செய்யலன்னா யாருக்கு மெமோ கொடுக்க?”

நரி பழைய கோப்பை எடுத்துப் புரட்டினார். புரட்டிய இடத்தில் அவருடைய முகம் மாறியது.

“கோப்புல அறுநூத்திப் பன்னெண்டு கல்லு இருக்கு. நீ அறுநூத்தி ஒன்பதுன்னு போட்டிருக்க.”

“மூணு கல்லு இல்ல சார். அந்த இடம் ஓட்டையா இருக்கு. அந்த வழியாத்தான் அக்கா முட்டை போடப் போறாவ.”

“இடிக்கச் சொல்லி வந்த ஆர்டர்ல அறுநூத்திப் பன்னெண்டு கல்லு இருக்கம்மா. இல்லாத மூணு கல்ல நான் எப்படி இடிப்பேன்? அறுநூத்தி ஒன்பத மட்டும் இடிச்சா, மிச்சத்த ஏன் இடிக்கலன்னு தணிக்கையில கேப்பான். முதல்ல சுவரைக் கோப்புல உள்ளபடி சரி பண்ணணும். அப்புறம் இடிக்கலாம்.”

“இடிக்கப் போற சுவரை எதுக்கு சார் ரிப்பேர் பண்ணணும்?”

“முழுசா இருந்தாத்தான முழுசா இடிக்க முடியும்?” என்றார் ஞானசிகாமணி. அவர் கேலி செய்யவில்லை. அவருக்குக் கேலி செய்யத் தெரியாது.

ரிப்பேர் வேலை பெருச்சாளி மாசிலாமணிக்குப் போனது. அவர் துறையின் ஆஸ்தான காண்ட்ராக்டர். சுவரைப் பராமரிக்கும் பொறுப்பும் முதலிலிருந்தே அவரிடம்தான் இருந்தது. ஒரு வேலையும் உரிய நாளில் முடித்தறியாத மாசிலாமணி இதை ஒரே காலையில் முடித்தார். மூன்று கற்களும் எங்கிருந்தோ வந்தன. சரியாக அந்த ஓட்டையின் அளவுக்கு இருந்தன. இடுக்கில் சிமெண்ட் பூசி, மேலே ஒரு பலகையும் வைத்தார்: ‘இடிக்கப்பட உள்ள சுவர். சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர்.’

மாசி பிறந்தது. தங்கபுஷ்பம் வயிறு நிறைய முட்டைகளோடு விடியலில் கரைக்கு வந்தாள். பின்னாலேயே ராசகனியும் வந்தாள். சுவரை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு முதன்முதலாக வாய் திறந்து ‘நானும் வாறேன்’ என்று சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் சுவர் முன்னால் நின்றார்கள். ஓட்டை இருந்த இடம் வழவழவென்று இருந்தது. தங்கபுஷ்பம் தலையால் முட்டிப் பார்த்தாள். சிமெண்ட் நன்றாக இறுகியிருந்தது. மாசிலாமணி வாழ்நாளில் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

ராசகனி திரும்பிக் கடலுக்குள் போய்விட்டாள். அந்தப் போக்கு தங்கபுஷ்பத்தை அறுத்தது. இருந்த ஒரு வழியையும் தானே அடைத்துக்கொண்டோமே என்று அழுதாள்.

அழுதுகொண்டிருக்க முட்டை விடாது. மறுபடி கழிமுகத்தைச் சுற்றி, உப்போடையில் நீந்தி, அலுவலகத்துக்கே போனாள். ஓடையின் கரை முழுக்கச் சேறு. அங்கே முட்டையிட முடியாது. அவள் போன நேரத்தில் அலுவலக வளாகத்தில் பந்தல் போட்டுக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்கு நடுவில் ‘மீட்கப்படும் கடற்கரை – மாதிரி’ என்று எழுதி, ஒரு பெரிய மணல்மேடு அமைத்திருந்தார்கள். ஓரத்தில் தொட்டிச் செடிகள்கூட வைத்திருந்தார்கள். தங்கபுஷ்பம் மணலை முகர்ந்தாள். அது அவள் பிறந்த மணல். சுவருக்குப் பின்னால் மிச்சமிருந்ததை அப்படியே வண்டிகளில் அள்ளிவந்து மாதிரி செய்திருந்தார்கள். இனி அந்தக் காட்டில் வேறு மணல் கிடையாது.

மேடையில் ஞானசிகாமணி பேசிக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் ஒருவரையும் பார்க்கவில்லை. மணல்மேட்டில் ஏறினாள், பின்துடுப்பால் குழி பறித்தாள், நூற்றுப் பதினான்கு முட்டைகளை இட்டாள். மூடினாள். கூட்டம் எழுந்து கைதட்டியது. செல்போன்களைத் தூக்கிப் படமெடுத்தார்கள். ஓணான் தலையாட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாளே அறிக்கை போனது. கடற்கரை வாழிடம் வெற்றிகரமாக மீட்கப்பட்டது, ஆமை முட்டையிட்டுள்ளது, ஆதாரம்: புகைப்படங்கள் பதினேழு. ராஜாவிடமிருந்து பாராட்டுக் கையெழுத்து வந்தது. கோப்பை மூடினார்கள்.

வளர்மதி பறந்தடித்துக்கொண்டு வந்தாள். “சார், சுவரு அப்படியே இருக்கே?”

“திட்டத்தோட நோக்கம் என்ன? ஆமை முட்டை போடணும். போட்டாச்சு. இனி சுவரை எதுக்கு இடிக்கணும்?”

“அம்பது நாள்ல குஞ்சு வெளிய வந்துரும். அது கடலுக்கு எப்படிப் போகும்?”

ஞானசிகாமணி பொறுமையாக மனுவைத் தேடி எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“இந்த மனுவுல கடல்ல இருந்து உள்ள வாறதுக்குத்தான் வழி கேட்டிருக்காங்க. உள்ள இருந்து வெளிய போறதப் பத்தி ஒரு வரி இல்ல. அதுக்குப் புதுசா மனு கொடுக்கச் சொல்லு. வரிசைப்படி பாப்போம். இரண்டு வருஷத்துக்குள்ள முடிஞ்சிரும்.”

அலுவலகத்திலிருந்து சுவர் நூறு காலடி தூரம்தான். குஞ்சுகள் பிறந்ததும் கடல் பளபளக்கும் திசையில் நடக்கும். நடந்து போய்ச் சுவரில் முட்டி, வெயிலில் காய்ந்து செத்துப்போகும். ஓடைப் பக்கம் போகலாம் என்றால் அங்கே கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றபடி இப்போதே காத்திருந்தன. ஓடைப் படியில் உட்கார்ந்து தங்கபுஷ்பம் எல்லாவற்றையும் சூசையிடம் சொன்னாள். மனு கொடுத்த தன் மடத்தனத்தைத் திட்டிக்கொண்டாள்.

“நீ கேட்டது தப்பில்லக்கா. கேட்ட விதம்தான் தப்பு” என்றான் சூசை. “அந்த ஓட்டைய யாரு போட்டான்னு நினைக்க?”

“புயலு.”

“புயலா! நான் அங்கனயே குடியிருக்கேன், எனக்குத் தெரியாதா? சுவரைப் பராமரிக்கச் சொல்லி ஒரு தடவ ஆர்டர் வந்துச்சு. மாசிலாமணி வந்து மூணு நாள் பராமரிச்சாரு. போகும்போது மூணு கல்லு அவரு வீட்டு வாசல்படி ஆயிட்டு. இப்ப அதத்தான் கொண்டாந்து திருப்பி வச்சிருக்காரு. வேணும்னா அவரு வாசல்ல போய்ப் பாரு, படி இருக்காது.”

தங்கபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். திறந்திருந்த ஜன்னல் வழியாக நரியின் அறைச் சுவர் தெரிந்தது. அலையாத்திக் காடு. தாமரைக் குளம். மாலை போட்ட கழுகு. நாங்கள் பாதுகாத்தவை. இந்தமுறை அவள் அந்தப் படங்களை நீண்ட நேரம் பார்த்தாள்.

“வளர்மதிப் பிள்ளையக் கூட்டிட்டு வா. இன்னொரு மனு எழுதணும்” என்றாள்.

வளர்மதி மனுவை எழுதினாள்: ‘மிகத் தொன்மையானதும் கலையழகு மிக்கதுமான எங்கள் கடற்சுவரை விஷமிகள் சேதப்படுத்திவிடுவார்களோ என்று அஞ்சுகிறோம். துறை உடனே அதைத் தன் முழுப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும்.’

“ராசகனி முட்டையத் தின்ன சுவரு. அதுக்குக் கலையழகா?” என்று பல்லைக் கடித்தாள் தங்கபுஷ்பம். ஆனாலும் சூசையின் கொடுக்கை வாங்கி ரேகை வைத்தாள்.

பாதுகாப்புக்கு ஒரு திட்ட வரைபடம் கேட்டார்கள். வளர்மதி புதிதாக ஒன்றும் வரையவில்லை. பழைய தாளையே எடுத்து, தலைப்பில் ‘இடிப்பு’ என்று இருந்த இடத்தில் ‘பாதுகாப்பு’ என்று எழுதிக் கொடுத்தாள். தெற்கு முனையில் ஆரம்பித்து, பத்துப் பத்துக் கல்லாக. ஞானசிகாமணி பின்பக்கம் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ராஜாவின் கையெழுத்து அன்று மாலையே வந்தது. பாதுகாப்பு என்றால் ராஜா மீட்டிங்கின் நடுவிலேயே கையெழுத்துப் போடுவார்.

பாதுகாப்பு மறுநாள் ஆரம்பமானது. சுவரைச் சுற்றிக் கம்பிவேலி போட வேண்டும் என்றார்கள். கம்பம் நட அங்கே மண் இல்லை. அதனால் சுவரிலேயே துளை போட்டார்கள். துளை போட்ட கற்கள் விரிசல் விட்டன. விரிசல் விட்ட கற்களைப் பத்திரமான இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று ஞானசிகாமணி குறிப்பு எழுதினார். பத்திரமான இடம் மாசிலாமணியின் வீடு என்று தீர்மானமானது. அவருடைய வளை தெற்கு முனைக்குப் பக்கத்தில் இருந்ததால் தெற்கிலிருந்தே எடுத்தார். தூக்குகிற ஆட்கள் ஒரு நடைக்குப் பத்துக் கல்லுக்கு மேல் தூக்கவில்லை. வளர்மதி தன் தாளின் நகலை வைத்துக்கொண்டு பார்த்தாள். எழுத்து மாறாமல் திட்டப்படி வேலை நடந்ததை அவள் தன் உத்தியோகத்தில் அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள்.

முட்டையிட்ட இருபதாம் நாள் ராஜா வரப்போவதாகத் தகவல் வந்தது. அவர் வரவில்லை. ஆனாலும் வந்தால் உட்காருவதற்கு மேடை வேண்டுமே என்று நாற்பது கற்கள் போயின. ஆய்வுக்கு என்று முப்பது. நினைவுப்பரிசாக மேலதிகாரிகளுக்கு ஆளுக்கு ஒன்று. ஞானசிகாமணியின் வீட்டுக்குக் கோட்டை மாதிரி ஒரு மதில் எழும்பியது. அவர் அதற்கும் விதி எண் சொன்னார்: பாதுகாக்கப்பட்ட பொருளை அதிகாரியின் நேரடிக் கண்காணிப்பில் வைக்கலாம். காவலுக்கு ஒரு நாயைப் போட்டிருந்தார்கள். அது தினமும் பதிவேட்டில் ‘சுவர் நலம்’ என்று எழுதிவிட்டு, பாதுகாக்கப்படும் கற்களில் வீட்டுக்குத் தேவைப்பட்டதை எடுத்துக்கொண்டு போனது.

கல் போன இடங்களில் கடல் மெல்ல உள்ளே வந்து எட்டிப் பார்த்தது. பிறகு தெற்கிலிருந்து மணலைக் கொண்டுவந்து போட ஆரம்பித்தது. யாரும் மெமோ கொடுக்கவில்லை, ஆர்டர் போடவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டது. வளர்மதி அலுவலகத்துக்குத் தெரியாமல் அடப்பங்கொடியை நட்டுக்கொண்டே வந்தாள். தங்கபுஷ்பம் அலைக்கு அப்பால் மிதந்தபடி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பதாம் நாள் வடக்கு முனையில் இன்னும் எழுபது கற்கள் இருந்தன. அலுவலகத்துக்கு நேர் எதிரே இருந்தவை அவைதான். இரண்டு நாளாக யாரும் கை வைக்கவில்லை. குஞ்சுகள் போய் முட்டப்போவது அவற்றில்தான்.

சூசையை விரட்டினாள். அவன் அலுவலகத்துக்கு ஓடி, ஓணானிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தான். ‘மீதமுள்ள எழுபது கற்களே மிகவும் அரியவை. இவற்றுக்குச் சிறப்புப் பாதுகாப்பு தேவை.’ மூன்றே நாளில் அவையும் போயின.

ஐம்பதாம் நாள் விடியலில் மாதிரிக் கடற்கரை லேசாக அசைந்தது. முதலில் ஒரு மூக்கு தெரிந்தது, பிறகு பத்து, பிறகு மணல் மேடே கொதிப்பது மாதிரி குஞ்சுகள் வெளியே வந்தன. கடல் பளபளத்த திசையில் எல்லாம் நடந்தன. சுவர் இருந்த இடத்தில், புதிதாகப் படிந்த மணலில் ஊன்றிய கம்பிவேலி மட்டும் நின்றது. அதில் ஒரு பலகை தொங்கியது: ‘பாதுகாக்கப்பட்ட சுவர். தொடாதீர்.’ குஞ்சுகள் கீழ்க்கம்பிக்கு அடியில் நுழைந்து, பலகையின் நிழலைக் கடந்து, ஈர மணலில் இறங்கின. வளர்மதி அங்குமிங்கும் ஓடிக் காக்கைகளை விரட்டினாள். ஆமைக்குஞ்சு என்றால் நாக்கு ஊறும் ஜாதி சூசை. அவன் தன் வளையின் வாயை மணலால் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தான். “இன்னைக்கு எனக்கு விரதம்” என்று மணலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

தங்கபுஷ்பம் கரையேறி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில், மணலைத் தேய்த்துக்கொண்டு ராசகனி ஏறி வந்தாள். பருவம் முடியப்போகும் கடைசி நாட்கள். தடை எதுவும் இல்லாத அந்தச் சரிவில் அவள் நிதானமாக ஒரு இடம் பார்த்து, குழி பறித்து, தொண்ணூறு முட்டைகளை இட்டு மூடினாள். “மணல் நல்லாருக்கு” என்றாள். அந்த இரண்டு சொல்லைக் கேட்கத்தான் தங்கபுஷ்பம் இத்தனை பாடுபட்டாள்.

அப்போது சவுக்குகளுக்கு நடுவிலிருந்து ஜீப் வந்தது. ஞானசிகாமணி இறங்கினார். சுவர் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. பதிவேட்டில் அது நலமாக இருந்தது. அவர் பார்த்தது குஞ்சுகளை. நூற்றுப் பதினான்கும் வரிசை கலையாமல் போய்க்கொண்டிருந்தன. அவருக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

“என்ன அழகு! என்ன அழகு! இத்தனை நாள் இதக் கவனிக்காம விட்டுட்டோமே!” என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கையை உயர்த்தி அறிவித்தார். “இன்று முதல் இந்தக் கடற்கரையின் ஆமைகள் அனைத்தும் துறையின் முழுப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன!”

அவருக்குப் பின்னால் மாசிலாமணி இறங்கினார். அவர் கையில் ஒரு பெரிய பிரம்புக்கூடை இருந்தது. பத்துப் பத்தாக எடுப்பதற்கு அது வசதியாக இருக்கும்.

“மக்கா, நடக்காதீங்க! ஓடுங்க!” என்று தங்கபுஷ்பம் கத்தினாள். ராசகனியின் முட்டைகள் மேல் கிடந்த தடத்தை வளர்மதி ஒரே ஓட்டத்தில் சிறகால் அழித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவளைப்போல் வானத்தைப் பார்த்தாள். குஞ்சுகள் ஓடின. ராசகனி ஓடினாள். தங்கபுஷ்பமும் ஓடினாள். முயலோடு பந்தயம் விட்டபோதுகூட நடந்தே போன ஜாதி அது. அன்று நரி மூச்சு வாங்கப் பின்னால் வர, கூடை மணலில் விழ, கடைசிக் குஞ்சும் அலைக்குள் போய்விட்டது.

நீதி: ஒன்றை ஒழிக்க வேண்டுமானால், அதை இடிக்கச் சொல்லி மனு கொடுக்காதே, பாதுகாக்கச் சொல்லிக் கொடு. உன்னையே பாதுகாக்கப் போகிறோம் என்று யாராவது கிளம்பி வந்தால், எந்த மனுவும் கொடுக்காமல் ஓடிவிடு.